சந்தைக்கு வராத பல குடித்தன வீடு: அமெரிக்காவில் முதல் வீடு தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

சந்தைக்கு வராத வீடு என்று எதைச் சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை எம்.எல்.எஸ். என்ற ஏஜென்டுகளின் பொதுப் பட்டியலில் ஏறுகின்றன. ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற தளங்களில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். அந்தப் பட்டியலில் ஏறாமலே கைமாறும் வீடு ‘ஆஃப்-மார்க்கெட்’.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில், விற்கலாமா என்ற எண்ணம் உரிமையாளரின் மனசில் மட்டும் இருக்கிறது. இரண்டாவதில், அவர் ஏஜென்டிடம் சொல்லிவிட்டார், ஏஜென்ட் தன் அலுவலக வட்டத்துக்குள் மட்டும் காட்டுகிறார். மூன்றாவதில், ஹோல்சேலர் ஒருவர் உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அந்த ஒப்பந்தத்தை உங்களிடம் விற்கப் பார்க்கிறார். முதன்முதலாக வாங்குபவருக்கு ஏற்றது முதல் வகை. அதில் நேரம் அதிகம் போகும், ஆனால் பேசுவது நேராக உரிமையாளரோடு.

எத்தனை குடித்தனம் வரை வாங்கலாம்?

ஒரே கட்டடத்தில் 2 முதல் 4 குடித்தனம் வரை இருந்தால் அதைச் சாதாரண வீட்டு லோனிலேயே வாங்கலாம். 5 ஆகிவிட்டால் அது வணிகச் சொத்துக் கணக்கில் போய்விடும். முன்பணம், வட்டி, லோன் காலம் எல்லாமே மாறும். ஊருக்கு ஊர் பெயர் வேறு. சிகாகோவில் ‘டூ-ஃப்ளாட்’, பாஸ்டன், வூஸ்டர் பக்கம் ‘ட்ரிப்பிள்-டெக்கர்’, நியூ ஜெர்சியில் ‘டூ-ஃபேமிலி’. தேடும்போது உள்ளூர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சந்தைக்கு வராத வீடு விலை குறைவாகக் கிடைக்குமா?

கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். இருபது வருஷமாக வீடு வைத்திருப்பவருக்குப் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று நன்றாகவே தெரியும். உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு: பத்துப் பேரோடு ஏலம் போட வேண்டியதில்லை, இன்ஸ்பெக்ஷனை விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் நெருக்குவதில்லை, வீட்டைப் பெயருக்கு மாற்றி முடிக்கும் க்ளோசிங் தேதியை இரு தரப்பும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. சந்தைக்கு வந்த வீட்டை ஏஜென்ட் பார்த்திருப்பார், மற்ற வாங்குபவர்கள் பார்த்திருப்பார்கள், குறை ஏதாவது இருந்தால் பேச்சில் வந்திருக்கும். இந்த வீட்டை உங்களுக்கு முன்னால் யாரும் சோதித்ததில்லை. வாடகைக் கணக்கு, அனுமதிகள், வில்லங்கம் எல்லாவற்றையும் சரிபார்க்கும் வேலை முழுக்க உங்கள் தலையில்தான்.

முதலில் வீடு தேடுவதா, லோன் பார்ப்பதா?

லோன்தான். எந்த லோன் கிடைக்கும் என்பதைப் பொறுத்தே எந்த வீட்டைத் தேடலாம் என்பது தெரியும். பொதுவாக இரண்டு வழி.

அரசு காப்பீடு செய்யும் எஃப்.எச்.ஏ. லோனில் கிரெடிட் ஸ்கோர் 580 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3.5 சதவீதம் முன்பணம் போதும், 4 குடித்தனம் வரைக்கும். லோன் தொகையில் 1.75 சதவீதம் முன்கூட்டிய காப்பீட்டுக் கட்டணமாகச் சேரும். அதற்கு மேல் வருஷா வருஷம், 30 ஆண்டு லோன்களில் பெரும்பாலும் 0.55 சதவீதம். முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைந்தால் இந்த ஆண்டுக் கட்டணம் லோன் முடியும்வரை விடாது. பிறகு ரீஃபைனான்ஸ் செய்துதான், அதாவது வேறு லோன் எடுத்து இதை அடைத்துத்தான், வெளியே வர முடியும்.

அரசுக் காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் லோனில், அந்த லோன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனம் 2023 நவம்பரில் விதியைத் தளர்த்தியது. அதற்கு முன் 2 குடித்தனத்துக்கு 15 சதவீதம், 3, 4 குடித்தனத்துக்கு 25 சதவீதம் முன்பணம் வேண்டியிருந்தது. இப்போது நீங்களே குடியிருக்கும் வீடானால் 5 சதவீதம். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ‘25 சதவீதம் இல்லையே’ என்று ஒதுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராணுவத்தில் பணியாற்றித் தகுதி பெற்றவர்களுக்கு வி.ஏ. லோனில் முன்பணமே இல்லாமல் 4 குடித்தனம் வரை வழி உண்டு.

எந்த வழியானாலும் ஒரு குடித்தனத்தில் நீங்கள் இருக்க வேண்டும். எஃப்.எச்.ஏ.வும் ஃபேனி மேயும் க்ளோசிங் முடிந்து 60 நாளுக்குள் குடிவரச் சொல்கின்றன. குறைந்தது ஒரு வருஷம் இருக்க வேண்டும். குடிவருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு முழுவதையும் வாடகைக்கு விடுவது லோன் மோசடி.

எச்-1பி விசாவில் இருப்பவர் எஃப்.எச்.ஏ. லோன் வாங்க முடியுமா?

2025 மே 25 முதல் முடியாது. நிரந்தரக் குடியுரிமை, அதாவது க்ரீன் கார்டு, இல்லாதவர்களுக்கு எஃப்.எச்.ஏ. கதவு அடைபட்டுவிட்டது. சட்டப்படி தங்கியிருப்பவர்களுக்குக் கன்வென்ஷனல் லோன் வழி இருக்கிறது. முதல் போனிலேயே விசா நிலையைச் சொல்லிவிடுங்கள். வீட்டைப் பேசி முடித்த பிறகு சொன்னால் டெபாசிட்டே சிக்கலாகும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா அனுப்பும் பணத்தை முன்பணமாகக் காட்டலாமா?

எஃப்.எச்.ஏ.வில் 3.5 சதவீதம் முழுவதையும் உறவினர் அன்பளிப்பாகத் தரலாம். கன்வென்ஷனலில், 2 முதல் 4 குடித்தன வீட்டுக்கு விலையில் 80 சதவீதத்துக்கு மேல் லோன் எடுத்தால் முதல் 5 சதவீதம் உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். அன்பளிப்பு அதற்கு மேல்தான் சேரும். இந்த வித்தியாசம் பலருக்குக் கடைசி வாரத்தில்தான் தெரியவருகிறது.

திருப்பித் தர வேண்டியதில்லை என்ற அன்பளிப்புக் கடிதம், அனுப்பியவரின் வங்கிக் கணக்கு, உங்கள் கணக்கில் வந்த பதிவு மூன்றும் லோன் தரும் லெண்டருக்கு வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டுத் தனிநபரிடமிருந்து ஒரு வருஷத்தில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் படிவம் 3520 கொடுக்க வேண்டும். வரி கிடையாது, கொடுக்கத் தவறினால் அபராதம் கடுமை.

வாடகை வருமானத்தை லோன் தகுதிக்குச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்ப்பார்கள். நீங்கள் குடியிருக்காத போர்ஷன்களின் வாடகையில் 75 சதவீதத்தை வருமானமாக எடுத்துக்கொள்வது வழக்கம். மீதி 25 சதவீதம் காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் பராமரிப்புக்கும் என்று கழிக்கிறார்கள்.

எஃப்.எச்.ஏ.வில் ‘செல்ஃப்-சஃபிஷியன்ஸி’ சோதனை என்கிறார்களே, அது என்ன?

3, 4 குடித்தன வீடுகளை எஃப்.எச்.ஏ.வில் வாங்க நினைப்பவர்களில் நிறையப் பேர் இடறி விழும் இடம் இதுதான். எல்லாப் போர்ஷன்களின் சந்தை வாடகையையும் கூட்ட வேண்டும், நீங்கள் குடியிருக்கப்போவதையும் சேர்த்து. அதில் 75 சதவீதம், மாதத் தவணைக்கு (அசல், வட்டி, சொத்து வரி, காப்பீடு, எஃப்.எச்.ஏ. கட்டணம்) சமமாகவாவது வர வேண்டும். வாடகையை நிர்ணயிப்பவர் லோனுக்காக வீட்டை மதிப்பிடும் மதிப்பீட்டாளர். உங்கள் சம்பளம் எவ்வளவு என்பது இங்கே செல்லாது.

ஒரு கணக்கு. மூன்று குடித்தன வீடு, விலை 6 லட்சம் டாலர், முன்பணம் 21,000. லோன் 5,79,000, முன்கட்டணத்தைச் சேர்த்தால் 5,89,000 சொச்சம். வட்டி 6.5 சதவீதம், 30 வருஷம் என்றால் அசலும் வட்டியும் மாதம் 3,724. சொத்து வரி 800, காப்பீடு 250, எஃப்.எச்.ஏ. ஆண்டுக் கட்டணத்தின் மாதப் பங்கு 265. மொத்தம் 5,039 டாலர். இதை 0.75-ஆல் வகுத்தால் 6,719. அதாவது ஒவ்வொரு போர்ஷனும் சராசரி 2,240 டாலர் வாடகை பெற வேண்டும். அந்தப் பகுதியில் வாடகை 1,900 என்றால் மூன்றும் சேர்ந்து 5,700, அதில் 75 சதவீதம் 4,275. சோதனையில் தோல்வி. அதே விலையில் தேற வேண்டுமானால் முன்பணத்தை ஏறக்குறைய 1,30,000 டாலராக உயர்த்த வேண்டியிருக்கும்.

2 குடித்தன வீட்டுக்கு இந்தச் சோதனை இல்லை, கன்வென்ஷனல் லோனுக்கும் இல்லை. விலை ஏறிய ஊர்களில் முன்பணம் குறைவாக உள்ளவர்கள் டூப்ளெக்ஸை, அதாவது 2 குடித்தன வீட்டை, நாடுவதற்கு இதுதான் காரணம். மேலும் எஃப்.எச்.ஏ.வில் 3, 4 குடித்தனத்துக்கு மூன்று மாதத் தவணைக்குச் சமமான சேமிப்பு க்ளோசிங்குக்குப் பிறகும் கையில் நிற்க வேண்டும். அன்பளிப்புப் பணம் அந்தச் சேமிப்பில் சேருமா என்று லெண்டரிடம் முன்பே கேளுங்கள்.

சரி, வீட்டை எங்கே தேடுவது?

ஐந்தாறு தெருக்களைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். ஊர் முழுக்கத் தேடினால் எதுவும் கைகூடாது. அந்தத் தெருக்களில் நடந்துபோய், காரில் போனால் தெரியாதவற்றைக் கவனியுங்கள்: எத்தனை காலிங் பெல், எத்தனை தபால் பெட்டி, பக்கச் சுவரில் எத்தனை மின் மீட்டர். உதிர்ந்த பெயின்ட், நிரம்பி வழியும் மழைநீர்த் தகடு, மாதக்கணக்கில் காலியாகத் தெரியும் மாடி இவையெல்லாம் உரிமையாளர் களைத்துப்போயிருக்கிறார் என்பதன் அடையாளங்கள்.

பிறகு, சொத்து வரிக்காக வீடுகளை மதிப்பிடும் கவுன்ட்டி அல்லது நகர அசெஸர் அலுவலகத்தின் இணையதளம். பெரும்பாலான இடங்களில் முகவரியைத் தட்டினால் உரிமையாளர் பெயர், வரி பில் போகும் முகவரி, வாங்கிய வருஷம், வீட்டு வகை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். நியூயார்க் நகரில் பத்திரங்களை ஏக்ரிஸ் தளத்தில் பார்க்கலாம் (ஸ்டேட்டன் ஐலண்டுக்கு மட்டும் அங்குள்ள கவுன்ட்டி கிளார்க்கிடம் போக வேண்டும்). ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். வரி பில் வேறு ஊருக்குப் போகிறது, வாங்கி 15 வருஷத்துக்கு மேல் ஆகிறது, அடமானம் பதிவில் இல்லை அல்லது தீர்ந்துவிட்டது: இந்த மூன்றும் சேர்ந்த வீடுகளை மேலே வையுங்கள். உரிமை எல்.எல்.சி. என்ற நிறுவனத்தின் பெயரில் இருந்தால் மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் வணிகப் பதிவுத் தேடலில் தொடர்பு முகவரி கிடைக்கும்.

‘வாடகைக்கு’ என்று உரிமையாளரே போர்டு வைத்திருக்கும் வீட்டை விடாதீர்கள். வாடகைக்காரர் போய், இடத்தைச் சுத்தம் செய்து, அடுத்தவரைத் தேடும் அந்த ஓரிரு வாரத்தில்தான் ‘இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்’ என்ற நினைப்பு வரும். உங்களுக்கு ஒரு காலி போர்ஷனும் அங்கே தயார். எம்.எல்.எஸ்.ஸில் ஏறி விற்காமலே காலாவதியான வீடுகளின் பட்டியலை ஏஜென்டிடம் கேட்டு வாங்கலாம். நகராட்சியின் கட்டட மீறல் பதிவுகள், வரி பாக்கிப் பட்டியல், இறந்தவர்களின் சொத்தைத் தீர்த்துவைக்கும் ப்ரோபேட் கோர்ட்டின் பதிவுகள் எல்லாம் யாரும் பார்க்கக்கூடியவை. ப்ரோபேட்டில் போகும்போது நிதானம் வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு நேராக எழுதுவதைவிட அந்த எஸ்டேட்டின் வக்கீலுக்கு எழுதுவதே மரியாதை, பலனும் அதில்தான் அதிகம்.

ஆட்கள் வழியாகவும் தேடுங்கள். வாடகை நிர்வாகம் செய்பவர்கள், பாய்லர் பழுது பார்ப்பவர்கள், பிளம்பர்கள், உள்ளூர் வீட்டு உரிமையாளர் சங்கம். எந்த வீட்டுக்காரர் செலவு செய்ய மனமில்லாமல் தள்ளிப்போடுகிறார் என்பது பிளம்பருக்கு முதலில் தெரியும்.

உரிமையாளருக்கு என்ன எழுதுவது?

கையால் எழுதிய ஒரு பக்கம். அச்சடித்த மஞ்சள் அட்டைகள் அவருக்கு வாராவாரம் வருகின்றன. அது குப்பைக்குப் போகும். நான்கு விஷயம் இருந்தால் போதும். எந்த வீடு, தெருவும் எண்ணும் சேர்த்து. நீங்கள் முதலீட்டு நிறுவனம் இல்லை, ஒரு போர்ஷனில் குடியிருக்கப் போகிறவர். லோனுக்கு லெண்டர் முன் ஒப்புதல் தந்திருக்கிறார். இப்போது விற்கும் எண்ணம் இல்லையென்றாலும் பிறகு தோன்றினால் கூப்பிடுங்கள் என்று உங்கள் கைப்பேசி எண். விலை எழுதாதீர்கள். பார்க்காத வீட்டுக்கு விலை சொன்னால் ஒன்று அவர் சிரிப்பார், இல்லை அந்த எண்ணையே பிடித்துக்கொள்வார்.

குடும்பப் படம், மதம், எந்த நாட்டவர் என்ற விவரங்களையும் தவிர்த்துவிடுங்கள். அதைப் பார்த்து அவர் முடிவெடுத்தால் 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் அவருக்குச் சிக்கல் வரலாம்.

நூறு கடிதத்துக்கு ஒன்றிரண்டு போன் வந்தாலே நல்ல விளைச்சல். ஆறேழு வாரம் கழித்து அதே ஆட்களுக்கு மறுபடி எழுதுங்கள். மொத்தமாகத் தானியங்கிக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவைகள் வேண்டாம். தொலைபேசித் தொல்லையைத் தடுக்கும் 1991-ஆம் ஆண்டின் டி.சி.பி.ஏ. சட்டப்படி ஒவ்வொரு செய்திக்கும் 500 முதல் 1,500 டாலர் வரை வழக்குப் போடலாம்.

அவர் போன் செய்தால் என்ன பேசுவது?

பாதி நேரம் கேளுங்கள். எத்தனை வருஷமாக வைத்திருக்கிறீர்கள், யார் யார் குடியிருக்கிறார்கள், வாடகை என்ன, யார் பெயரில் கரண்ட், கேஸ் பில். கடைசியில், ‘விற்றால் அந்தப் பணத்தை என்ன செய்ய நினைக்கிறீர்கள்?’ வயதான உரிமையாளர்கள் பலர் விற்கத் தயங்குவது விலையால் அல்ல, வரியால். இத்தனை வருஷமாக வரிக் கணக்கில் கழித்துவந்த தேய்மானத்துக்கு 25 சதவீதம் வரை வரி, அதற்கு மேல் மூலதன ஆதாய வரி. 1031 பரிமாற்றத்தில் வேறு முதலீட்டுச் சொத்து வாங்கினால் வரியைத் தள்ளிப்போடலாம். 45 நாளுக்குள் புதுச் சொத்தைக் குறிப்பிட்டு 180 நாளுக்குள் வாங்க வேண்டும். ‘அதைத் தேடி முடிக்கும்வரை க்ளோசிங்கைத் தள்ளி வைக்கிறேன்’ என்று உங்களால் சொல்ல முடிந்தால், பணத்தைக் கூட்டாமலே நீங்கள் தரும் வாய்ப்பு அவருக்கு மேலானதாகிவிடும்.

ஹோல்சேலர் கொண்டுவரும் வீட்டை வாங்கலாமா?

எஃப்.எச்.ஏ. லோன் என்றால் வேண்டாம். விற்பவர் பதிவில் உள்ள உரிமையாளராகவே இருக்க வேண்டும், ஒப்பந்தத்தைக் கைமாற்றக் கூடாது என்பது எஃப்.எச்.ஏ. விதி. ஹோல்சேலர் தானே முதலில் வாங்கி உங்களுக்கு விற்பதானாலும், அவர் வாங்கி 90 நாள் ஆகியிருக்க வேண்டும். கன்வென்ஷனலிலும் லெண்டர்கள் தயங்குவார்கள். ‘இன்றைக்கே திருப்பித் தரமுடியாத டெபாசிட் கட்டுங்கள்’ என்று சொன்ன நிமிஷமே விலகிவிடுங்கள்.

ஏஜென்ட் இல்லாமல் வாங்கலாமா?

வாங்கலாம். வக்கீல் இல்லாமல் வேண்டாம். நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், இல்லினாய் போன்ற இடங்களில் வக்கீல் வைப்பதே வழக்கம். கலிஃபோர்னியா, டெக்ஸஸில் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியோ, பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ கம்பெனியோ க்ளோசிங்கை நடத்தும். அங்கேயும் ஏஜென்ட் இல்லாத விற்பனையில் ஒப்பந்தத்தைப் படிக்க ஒரு வக்கீலுக்குக் கொடுப்பது வீண் செலவல்ல.

ஏஜென்ட் வைத்தால் கவனம்: 2024 ஆகஸ்ட் 17 முதல் எம்.எல்.எஸ்.ஸில் இருக்கும் ஏஜென்டுகள் வீடு காட்டும் முன் உங்களோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். நீங்களே கண்டுபிடித்த வீட்டுக்கும் அவருக்குக் கமிஷன் உண்டா, விற்பவர் தராவிட்டால் யார் தருவது என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நியாயமான விலையை எப்படிக் கணிப்பது?

கடந்த ஆறு மாதத்தில், அதே எண்ணிக்கை குடித்தனத்தோடு, நடந்து போகும் தூரத்தில் பத்திரப் பதிவான விற்பனைகளை எடுங்கள். தனி வீட்டின் விலையோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றின் விலையையும் ஆண்டு வாடகையால் வகுத்துப் பார்த்தால் அந்தத் தெருவில் வீடு ஆண்டு வாடகையைப் போல எத்தனை மடங்கு விலைக்குப் போகிறது என்று தெரியும். இரு தரப்பும் இழுபறியில் இருந்தால், சுதந்திரமான மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையைச் செலவைப் பகிர்ந்து வாங்கி அதை அடிப்படையாக வைப்பது நியாயம். 2 முதல் 4 குடித்தனத்துக்கு அவர்கள் வழக்கமாகத் தரும் அறிக்கையில் ஒப்பிட்ட வாடகைகளும் இருக்கும்.

பழைய உரிமையாளரின் வரி பில்லை அப்படியே கணக்கில் எடுப்பது பெரிய தவறு. கலிஃபோர்னியாவில் 1978-இன் ப்ரோபோஸிஷன் 13 காரணமாக, பல வருஷமாக வைத்திருப்பவரின் வரி மிகக் குறைவாக இருக்கும். விற்றதும் புது விலைக்கு மறுமதிப்பீடு ஆகும். மிஷிகனிலும் அப்படியே. மற்ற மாநிலங்களிலும் முதியோர் சலுகை, குடியிருப்புச் சலுகை எல்லாம் விற்பவரோடு போய்விடும். உங்கள் விலைக்கு வரி எவ்வளவு என்று அசெஸர் அலுவலகத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதம் 300 டாலர் கூடினால் மேலே சொன்ன சோதனையே தோற்றுப்போகும்.

விற்பவரிடம் என்னென்ன தாள்கள் கேட்பது?

எல்லா லீஸ்களும், வாடகைப் பட்டியல் (யார், எவ்வளவு, எப்போதிலிருந்து, டெபாசிட் எவ்வளவு), கடந்த இரண்டு வருஷ வருமான வரியின் ஷெட்யூல் ஈ (வாடகை வருமானத்தைக் காட்டும் தாள்), பன்னிரண்டு மாதத் தண்ணீர், எரிவாயு, பொது மின் பில்கள், காப்பீட்டுக் கோரிக்கை வரலாறு, வேலைகளுக்கான பெர்மிட்டுகள். அவர் சொல்லும் வாடகையும் ஷெட்யூல் ஈ-யில் காட்டிய வாடகையும் ஒத்துப்போகாவிட்டால் லெண்டர் தாளில் உள்ளதைத்தான் நம்புவார்.

இதோடு ‘எஸ்டாப்பல்’ கடிதம். ஒவ்வொரு வாடகைக்காரரும் தன் வாடகை, டெபாசிட், லீஸ் முடியும் தேதி, விற்பவர் வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதிகள் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திடும் தாள். ‘ஃப்ரிட்ஜ் என்னுடையது’, ‘டிசம்பர் வாடகை தள்ளுபடி என்றார்’ போன்றவை இங்கேதான் வெளிவரும். இதைக் கேட்டால் விற்பவர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கட்டடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சட்டபூர்வமான எண்ணிக்கை. கீழ்த்தளத்தில் சமையலறை போட்டு மூன்றாவது குடித்தனமாக விட்டிருப்பார்கள். நகராட்சி தரும் குடியிருப்புச் சான்றிதழான சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆக்குபன்ஸியில் 2 என்றுதான் இருக்கும். அந்த மூன்றாவது வாடகையை லெண்டர் எண்ணமாட்டார், நகராட்சி காலி செய்யச் சொல்லலாம், தீ விபத்தானால் காப்பீடு கைவிரிக்கலாம். நியூயார்க் நகரில் 1938-க்கு முந்தைய கட்டடத்துக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமலும் இருக்கும். அப்போது கட்டடத் துறையின் ‘நோ அப்ஜெக்ஷன்’ கடிதத்தைக் கேளுங்கள்.

மீட்டர்களை எண்ணுங்கள். இரண்டு குடித்தனத்துக்கு மூன்று மின் மீட்டர் என்றால் மூன்றாவது பெரும்பாலும் பொது விளக்குக்கு, நல்ல அடையாளம். மூன்று குடித்தனத்துக்கு இரண்டு மீட்டர்தான் என்றால் ஒருவரின் கரண்டை இன்னொருவர் கட்டுகிறார், அல்லது ஒரு குடித்தனம் பதிவிலேயே இல்லை. எரிவாயு மீட்டரையும் அப்படியே எண்ணுங்கள். பாய்லர் ஒன்றே என்றால் குளிர்காலச் செலவு முழுக்க உங்களுடையது.

எல்லாப் போர்ஷனுக்குள்ளும் இன்ஸ்பெக்டர் போக வேண்டும். ‘மேல் வீட்டுக்காரர் ஊரில் இல்லை’ என்றால் வேறு நாள் வாருங்கள். அந்தப் போர்ஷனில்தான் கூரை ஒழுகும். கழிவுநீர்க் குழாயில் கேமரா விடுவது கட்டாயம். பழைய களிமண், வார்ப்பிரும்புக் குழாய்களில் மர வேர் நுழைந்து அடைத்திருக்கும், தெருவரை தோண்டினால் ஐந்து இலக்கச் செலவு. பீங்கான் குமிழ்களிலும் குழாய்களிலும் கம்பி ஓடும் ‘நாப்-அண்ட்-ட்யூப்’ என்ற பழைய வயரிங், ஃபெடரல் பசிஃபிக் நிறுவனத்தின் பழைய ஸ்டாப்-லாக் மின் பலகை இருந்தால் பல காப்பீட்டுக் கம்பெனிகள் பாலிசி தருவதில்லை. இன்ஸ்பெக்ஷன் கெடு முடியும் முன் கோட்டேஷன் வாங்கிவிடுங்கள். நியூ ஜெர்சி பக்கம் மண்ணுக்குள் புதைந்த எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள்; கசிந்த தொட்டியின் மண் சுத்திகரிப்பு வீட்டின் லாபத்தையே தின்றுவிடும்.

1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஈயப் பெயின்ட் பற்றி விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நீங்கள் சோதிக்க 10 நாள் உரிமை உண்டு. எஃப்.எச்.ஏ. மதிப்பீட்டாளர் அப்படிப்பட்ட வீட்டில் உரிந்த பெயின்டைக் கண்டால் சரிசெய்த பிறகுதான் லோன்.  யார் செய்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாப் போர்ஷனிலும் ஆள் இருந்தால் நான் எங்கே குடியேறுவது?

வீடு விற்றாலும் லீஸ் சாகாது. வாடகைக்காரரின் லீஸ் இன்னும் எட்டு மாதம் இருந்தால் நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டும்; லெண்டரோ 60 நாளில் குடிவரச் சொல்கிறார். எனவே ஒரு போர்ஷன் காலியாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக வையுங்கள். காலியாகும்வரை க்ளோசிங் கிடையாது.

மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். நியூ ஜெர்சியில் பொதுவாகக் காரணமில்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. ஆனால் 3 அல்லது அதற்குக் குறைவான குடித்தனமுள்ள வீட்டை, தானே குடியிருக்க வாங்குபவருக்கு விற்று, அந்தப் போர்ஷனைக் காலியாகத் தருவதாக ஒப்பந்தம் இருந்தால், லீஸ் முடிந்த பின் இரண்டு மாத நோட்டீஸில் முடியும். கலிஃபோர்னியா, ஆரிகன் மாநிலங்களுக்குத் தனி விதிகள். வாடகைக்காரரோடு பேசி, ஒரு தொகை கொடுத்து, எழுத்தில் ஒப்புக்கொண்டு அவரே மகிழ்ச்சியாகப் போவதே பல நேரம் கோர்ட்டைவிடச் சிக்கனம், மனிதத்தனமும்கூட.

ஒப்பந்தத்தில் எதை விடக்கூடாது?

வாய்ப்பேச்சு செல்லாது; நிலம், வீடு விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். லோன் கிடைக்காவிட்டால், இன்ஸ்பெக்ஷனில் பெரிய குறை வந்தால், மதிப்பீடு விலைக்குக் குறைந்தால் டெபாசிட்டோடு வெளியே வரும் உரிமை மூன்றும் தனித்தனியாக, தேதியோடு. எஃப்.எச்.ஏ.வில் மதிப்பீட்டுக்கான அந்தப் பிரிவைச் சேர்ப்பது கட்டாயமே. டெபாசிட் வக்கீலின் ட்ரஸ்ட் கணக்குக்கோ டைட்டில் கம்பெனியின் எஸ்க்ரோவுக்கோ போகட்டும், விற்பவர் கையில் ஒரு டாலரும் வேண்டாம். க்ளோசிங் செலவில் விற்பவர் பங்கு கேட்கலாம்: எஃப்.எச்.ஏ.வில் விலையில் 6 சதவீதம் வரை, கன்வென்ஷனலில் முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 3 சதவீதம் வரை.

வில்லங்கம் பார்ப்பதை இரண்டாம் நாளே தொடங்குங்கள். இறந்துபோன சகோதரரின் பெயர் இன்னும் பத்திரத்தில், தண்ணீர் பில் பாக்கிக்கான உரிமைக்கோரல், எப்போதோ அடைத்துவிட்டுப் பதிவில் நீக்காத அடமானம் இவை வழக்கமான சிக்கல்கள். உரிமைச் சிக்கலுக்கு ஈடு தரும் டைட்டில் காப்பீடு லெண்டருக்கானது என்றால் உங்களைக் காக்காது, உரிமையாளர் பாலிசியைத் தனியாக வாங்குங்கள்.

உரிமையாளரே தவணையில் தருகிறேன் என்றால்?

வயதானவருக்கு வரி பல வருஷத்துக்குப் பரவும், உங்களுக்கு வங்கி விதிகள் தளரும். நல்ல வழிதான், ஆனால் ஒரு கேள்வி: அவருக்கு அந்த வீட்டின் மீது அடமானம் இருக்கிறதா? இருந்தால், 1982-இன் கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் உறுதிசெய்த உரிமைப்படி, வீடு கைமாறியதும் வங்கி முழுத் தொகையையும் கேட்கலாம். பத்திரம் உங்கள் பெயருக்கு மாறி, அவருடைய கடன் அடமானமாகப் பதிவாக வேண்டும். பத்திரத்தை அவர் வைத்துக்கொண்டு தவணை முடிந்ததும் தருவதாகச் சொல்லும் ஏற்பாட்டில் ஒரு தவணை தவறினாலும் எல்லாம் போகும்.

க்ளோசிங் அன்றும் அடுத்த நாளும் என்ன செய்ய வேண்டும்?

க்ளோசிங் கணக்கில் இரண்டு வரவு உங்களுக்கு வர வேண்டும்: அந்த மாதத்தின் மீதி நாட்களுக்கான வாடகை, எல்லா வாடகைக்காரர்களின் செக்யூரிட்டி டெபாசிட். டெபாசிட் வரவு விடுபட்டால், அவர்கள் காலி செய்யும்போது உங்கள் கையிலிருந்து கொடுக்க நேரும். மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் அதைத் தனி வட்டிக் கணக்கில் வைப்பதும் கட்டாயம்.

பணம் அனுப்பும் வங்கி விவரம் மின்னஞ்சலில் ‘மாறிவிட்டது’ என்று வந்தால் அனுப்பாதீர்கள். முன்பே உங்களிடம் உள்ள எண்ணில் வக்கீலைக் கூப்பிட்டு, கணக்கு எண்ணைக் குரலில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அடுத்த நாள் காலை ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் ஒரு கடிதம்: புது உரிமையாளர் பெயர், வாடகை எங்கே செலுத்துவது, டெபாசிட் உங்களிடம் வந்துவிட்டது, பழுதுக்கு எந்த எண். பழைய உரிமையாளரும் அதில் கையெழுத்திட்டால் அவர்களுக்குச் சந்தேகம் வராது. புகை, கார்பன் மோனாக்ஸைடு அலாரங்களை அதே நாளில் சோதித்து மாற்றுங்கள். ஒரு போர்ஷன் காலியானால் விளம்பரத்தில் ‘இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்’, ‘குழந்தைகள் இல்லாதவர்களுக்கு’ என்று எழுதவே கூடாது. உரிமையாளர் குடியிருக்கும் 4 குடித்தனத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. விளம்பர வாசகத்துக்கு அந்த விலக்கு இல்லை, வாட்ஸ்அப் குழுவில் போடும் ஒற்றை வரியும் விளம்பரமாகவே எண்ணப்படலாம்.